கால்பந்தின் தோற்றமும் கல்கத்தா தந்த பாடமும்

தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே அமைந்தது காயல்பட்டினம். 1986இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை நெல்லைச் சீமையில் அடங்கியிருந்த இவ்வூர், மார்க்கக் கல்விக்கும் கடல் வாணிபத்திற்கும் பெயர்பெற்றதைப் போன்றே கால்பந்துக்கும் பெயர்பெற்றது. இங்குள்ள ஐக்கிய விளையாட்டுச் சங்கம், மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியை நடத்திப் புகழ் எய்தியது. இவ்விளையாட்டு யாருடையது என்னும் வினா எழும்போது இருவகை விடைகளைக் கேட்கிறோம். வெள்ளையன் விட்டுச்சென்ற விளையாட்டு என்பர் சிலர். எல்லாம் கீழை நாடுகளில் முன்பே இருந்தவைதாம் என்பர் வேறு சிலர். இரண்டும் ஆராயத்தக்கவை.

பந்தை உதைப்பது பழமையானது என்பதில் ஐயமில்லை. சீனத்தில் ஹான் மரபினர் காலத்திலேயே 'சூஜு' என்னும் பந்தாட்டம் இருந்தது. இங்கிலாந்தின் ஊர்களிலும் திருநாட்களில் மக்கள் திரண்டு பந்துக்காக முட்டிமோதினர். ஆயின், நவீனக் கால்பந்து பிறந்தது பந்திலிருந்து அன்று, எழுதப்பட்ட விதியிலிருந்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பள்ளிகள் ஒவ்வொன்றும் தத்தமக்கெனத் தனி விதி வைத்திருந்தன. வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்த மாணவர் பல்கலைக்கழகத்தில் ஒன்றுகூடி ஆட முற்பட்டபோது குழப்பம் நேர்ந்தது. அதனைத் தீர்க்கவே 1848இல் கேம்பிரிட்ஜில் பொதுவிதிகள் வகுக்கப்பட்டன. 1857இல் தோன்றிய ஷெஃபீல்டு கழகம் தனக்கென வேறு விதிகளை இயற்றிற்று. பின்னர் 1863 அக்டோபர் 26 அன்று லண்டன் விடுதியொன்றில் பல கழகங்களின் பேராளர்கள் கூடிக் கால்பந்துச் சங்கத்தை நிறுவினர். செயலாளர் எபனேசர் காப் மார்லி விதிகளை வரைந்தார். பந்தைக் கையிலேந்தி ஓடலாமா, எதிரியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்பவையே அங்கு எழுந்த பெரும் பூசல்கள். இவை விலக்கப்படவே, பிளாக்ஹீத் கழகம் வெளியேறிற்று. அவ்வழியினர் 1871இல் ரக்பி சங்கத்தை அமைத்தனர்.

அன்று வெளிவந்த பதின்மூன்று விதிகளைப் படிப்போர் வியப்படைவர். கம்பங்களுக்கு மேலே குறுக்குச் சட்டம் இல்லை. பந்தைக் கையால் பிடிப்பதும் முற்றாக விலக்கப்படவில்லை. ஷெஃபீல்டு விதிகளும் லண்டன் விதிகளும் 1877இல்தான் ஒன்றுபட்டன. அரபு இலக்கணத்தில் பஸ்ரா, கூஃபா மரபுகளின் வேறுபாட்டைக் கற்றோர்க்கு இந்நிலை விளங்காததன்று. பலரும் ஒரு மொழியைப் பயிலும்போதுதான் இலக்கணம் வரையப்படுகிறது. பலரும் ஓர் ஆட்டத்தை ஆடும்போதுதான் விதி வரையப்படுகிறது.

எழுதப்பட்ட விதி இயற்றியவர் கையிலேயே தங்குவதில்லை. 1883இல் ஆலைத் தொழிலாளர் மிகுந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, செல்வர் பள்ளியான ஈட்டனின் பழைய மாணவர் அணியை இறுதிப் போட்டியில் வென்று கோப்பையைப் பெற்றது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே செய்தி கல்கத்தாவிலும் நிகழ்ந்தது.

படைவீரர்களும் வணிகரும் கொணர்ந்த ஆட்டம் இந்தியாவில் வேரூன்றியிருந்தது. 1888இல் சிம்லாவில் தூரந்து கோப்பை தொடங்கிற்று. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 எனத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர்.

1891இல் நிறுவப்பட்ட முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் வரலாறு இதைவிட நுட்பமானது. 1934இல் கல்கத்தா லீக்கின் முதற்பிரிவில் நுழைந்த ஆண்டிலேயே அது வாகை சூடிற்று. 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அப்பட்டத்தைக் காத்தது. இந்தியக் கழகம் ஒன்று அந்த லீக்கை வென்றது அதுவே முதன்முறை. வங்காளத்திற்கு வெளியேயிருந்தும் திறமையாளரைத் திரட்டியதும், மழையில் நனைந்த களத்தில் வெறுங்காலை விடுத்துக் காலணி அணிந்ததும் அவ்வெற்றிக்குக் காரணங்களாம். அக்கழகத்தின் முகமது சலீம் 1936இல் ஸ்காட்லாந்து சென்று, கால்களில் துணிக்கட்டுடன் செல்டிக் அணிக்காக ஆடினார். 1940இல் தூரந்து கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகமும் இதுவே.

இவ்வெற்றிகளை ஒரு சமூகத்தின் பெருமையாக மட்டும் பேசுவது போதாது. வெறுங்காலே நம் மரபு என்று பிடிவாதம் பிடித்திருந்தால் சேற்றில் வழுக்கியிருப்பர். பிறர் வகுத்த விதி நமக்கெதற்கு என்று ஒதுங்கியிருந்தால் களத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள். மரபு எது, கருவி எது என்பதைப் பகுத்தறிந்தமையே அவர்களின் தெளிவு. பிற்காலத்தில் அக்கழகத்தின் சீருடையை எல்லாச் சமயத்தினரும் அணிந்தனர்.

கால்பந்து என்பதை அரபியர் 'குரத்துல் கதம்' என்பர். காலும் பந்தும் என்ற அதே இரு சொற்களே. பெயரை ஒவ்வொரு மொழியும் தன்னதாக்கிக் கொண்டது. விதியோ எல்லார்க்கும் ஒன்றே. ஆதலின் இவ்விளையாட்டு யாருடையது என்னும் வினாவுக்கு, அதன் விதிக்குக் கட்டுப்பட்டு ஆடுவோருடையது என்பதே வரலாறு தரும் விடையாகும். கல்கத்தாவில் வாழ்ந்த ஆசாதின் பெயரால் காயல்பட்டினத்தில் கோப்பை வைத்தோர் இதனை நன்கு உணர்ந்தவர் போலும்.