கண்காணா ஒளியும் உடுக்கூட்டங்களும்

மட்டக்களப்பு வாவியிலே, நிலவெறிக்கும் இரவுகளிற் கல்லடிப் பாலத்தினருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைச் செவியிற் சேர்த்துக் கேட்போர்க்கு இன்னொலியொன்று புலனாகுமென்பது அந்நாட்டார் நெடுங்காலமாக அறிந்த செய்தி. வெறுஞ்செவிக்கு எட்டாததைத் துடுப்புக் கொணர்ந்து தருகின்றது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) அவ்விசையைப் பாட்டாற் போற்றினார். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவரே பழந்தமிழ் இசையைக் கணித முறையால் ஆராய்ந்து யாழ்நூலை இயற்றினார். புலனுக்கு இனிதாவது அளவைக்கும் உட்படும் என்பது அவர் காட்டிய நெறி. வானத்து ஒளியை ஆராய்ந்தோர் சென்ற வழியும் அதுவேயாம்.

கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையினதே. அவ்வொளியைக் கொண்டே, உடுக்கூட்டங்களின் தொலைவு மிகுந்தோறும் அவற்றின் நிறமாலைக் கோடுகள் செந்நிறப் பக்கமாக மிகுதியும் பெயர்கின்றன என்பதை எட்வின் ஹபிள் 1929இல் எடுத்துக்காட்டினார். எனினும் அது செய்தியின் ஒரு பகுதியே. 1930களின் தொடக்கத்திற் கார்ல் ஜான்ஸ்கி பால்வீதியிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கண்டறிந்தபின், அறிஞர் பிற அலைகளையும் நாடலாயினர். கட்புலவொளி உடுக்களைக் காட்டுகின்றது. செங்கீழ்க் கதிர், உடுவொளியால் வெப்பமுற்ற தூசியைக் காட்டுகின்றது. 1951இல் முதன்முதற் கண்டறியப்பட்ட 21 சதமமீற்றர் அலை, குளிர்ந்த ஐதரசன் வாயுவையும் அதன் சுழற்சியையும் உணர்த்துகின்றது. எக்ஸ் கதிரோ பத்திலக்கக் கணக்கான பாகை வெப்பமுடைய வாயுவைப் புலப்படுத்துகின்றது. ஒன்று கூறாததை மற்றொன்று கூறும்.

இவ்வாராய்ச்சியிற் தமிழகத்து மலையொன்றுக்கும் பங்குண்டு. கோவிந்த் சுவரூப் தலைமையில், உதகமண்டலத்தருகே 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமுமுடைய வானொலித் தொலைகாட்டி 1970இற் தொழிற்படத் தொடங்கிற்று. அவ்விடத்து அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. அதற்கொத்த வடக்குத்தெற்குச் சரிவுடைய மலையைத் தேர்ந்தமையால், கருவியின் அச்சு புவியச்சுக்குச் சமாந்தரமாயிற்று. ஆகவே, ஓரச்சிற் திருப்பியே ஒரு பொருளைப் பல மணிநேரம் தொடர முடிந்தது.

அங்கே திங்களும் ஒரு கருவியாயிற்று. திங்களின் விளிம்பு வானிற் செல்லும் இடம் நொடிதோறும் கணிக்கப்படுவது. அவ்விளிம்பு தொலைவிலுள்ள வானொலி உடுக்கூட்டத்தை மறைக்கும்போது அலையின் வலிமை குன்றும் முறையை நோக்கி, அதன் இடத்தையும் உருவின் அளவையும் கணித்தனர்.

அவ்வளவைகள் பெரியதொரு வழக்கிற் சான்றாயின. அகிலம் என்றும் மாறாத நிலையினது என்னும் கொள்கை 1948இல் முன்வைக்கப்பட்டிருந்தது. 1965இல் வெளியான நுண்ணலைப் பின்புலக் கண்டுபிடிப்பு அக்கொள்கையைத் தளர்த்திற்று. 1975இற் சுவரூபும் கபாஹியும் வெளியிட்ட ஆய்வுகள் வேறொரு வழியால் அம்முடிவை வலியுறுத்தின. மங்கிய வானொலி மூலங்களின் தோற்ற அளவுகள் மாறா அகிலத்துக்குப் பொருந்தவில்லை. பண்டைக் காலத்து வானொலி உடுக்கூட்டங்கள் இன்றையவற்றினுஞ் சிறியனவாதல் வேண்டும் என்பது பெறப்பட்டது.

புலன் உணராமை பொருளின் இன்மைக்குச் சான்றாகாது. தக்க கருவியும் பொறுமையான கணக்கும் வாய்க்குமாயின், அமைதியெனத் தோன்றிய நீரும் இருளெனத் தோன்றிய வானும் தத்தம் செய்தியை உரைக்கும்.