ரத்தக் கடன் தள்ளுபடி

அல்பேனிய மலைநாட்டு வழக்கப்படி, ஒருவனைக் கொன்றவன் அவன் சாவுக்குப் போயாக வேண்டும். பறிகொடுத்த வீட்டார் அவனுக்கு 24 மணி நேரம் ‘பெசா’ கொடுப்பார்கள். பெசா என்பது மீற முடியாத வாக்கு. அந்தக் காவலில் அவன் பிணத்தோடு இடுகாடு வரை நடந்து, இழவு வீட்டுச் சோற்றையும் தின்றுவிட்டுத் திரும்புவான். கெடு முடிந்த பிறகு அவன் உயிர் அந்த வீட்டாருக்குப் பாக்கி.

‘கானூன்’ என்ற வாய்மொழிச் சட்டத்தின் விதி இது. 15-ஆம் நூற்றாண்டின் லெக் துகாஜினி பெயரால் வழங்கும் அந்தச் சட்டத்தைப் பிரான்சிஸ்கன் பாதிரியார் ஷ்டியெஃபென் ஜெச்சோவி மலைமக்களிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். 1929-இல் அவரே கொலையுண்டார்; 1933-இல்தான் அது முழு நூலாக அச்சேறியது.

கானூனில் பழி ஆளைச் சேர்ந்ததல்ல, வீட்டைச் சேர்ந்தது. கொன்றவன் அகப்படாவிட்டால் அவன் அண்ணனோ தம்பியோ சித்தப்பா மகனோ கணக்கைத் தீர்க்க வேண்டும். பெண்கள், குழந்தைகள் மேல் கை வைக்கக் கூடாது. வீட்டுக்குள் இருப்பவனைச் சுடக் கூடாது. எனவே பழிக்குள் சிக்கிய ஆண்கள், சன்னலுக்குப் பதில் துப்பாக்கித் துளைகள் வைத்த கல்வீடுகளில் வருடக்கணக்காக அடைந்து கிடந்தார்கள். வயலும் சந்தையும் பெண்கள் தலையில்.

பழி வாங்காதவனுக்கும் நிம்மதியில்லை. விருந்தாளிகள் கூடும் ‘ஓடா’ என்ற கூடத்தில் அவனுக்கு மட்டும் காபிக் கோப்பையை முழங்காலுக்கு அடியில் நீட்டித் தருவார்கள். நீ இன்னும் ஆம்பிளை ஆகவில்லை என்று அதற்குப் பொருள். ஆளைக் கொல்லத் தூண்டியது கோபத்தைவிட இந்தக் கோப்பைதான் என்று சொல்லிவிடலாம்.

அல்பேனியர்கள் பெரும்பான்மையாக வாழும் கொசோவோவில் 1990-இல் இந்தக் கணக்கு திடீரென்று மாறியது. முந்தைய ஆண்டு மார்ச்சில் செர்பியா அதன் தன்னாட்சியைப் பறித்திருந்தது. எதிர்த்து ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது. 1990 பிப்ரவரியில் பேயா நகரப் பக்கம் ஹாவா ஷாலா உள்ளிட்ட மாணவர்கள் சிலர், அரசியல் கைதிகளாகச் சிறை கண்டவர்கள், பகை வீடுகளின் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். அரசின் தோட்டா போதாதென்று நாமும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதா என்பதே அவர்கள் வாதம். ஆண்கள் மட்டுமே உட்காரும் ஓடாவுக்குள் இளம்பெண்கள் வந்து அமர்ந்து, கொலைப்பழியை விட்டுவிடுங்கள் என்று கேட்டது அதுவரை யாரும் காணாதது.

பெரியவர் ஒருவர் துணை வேண்டும் என்று அவர்கள் தேடிப்போனது பிரிஷ்டினாவின் நாட்டுப்புறவியல் அறிஞர் அன்டன் செட்டாவிடம். அப்போது அவருக்கு வயது 69. பாட்டும் கதையும் சேகரிக்க ஊர் ஊராகத் திரிந்தவர். எந்த வீட்டில் எப்படி வாய் திறக்க வேண்டும் என்று தெரிந்தவர். அவர் கத்தோலிக்கர், போன வீடுகளில் பெரும்பாலானவை முஸ்லிம் வீடுகள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இமாம்களும் பாதிரியார்களும் கூடவே போனார்கள். பல வீடுகளில் முதல் தடவை மறுப்புதான் கிடைத்தது. திரும்பத் திரும்பப் போனார்கள்.

பழைய சமரசங்களில் ரத்தப் பணம் கைமாறுவதுண்டு. இந்த முறை காசு பேச்சே இல்லை. மகனைப் பறிகொடுத்த அப்பா எழுந்து நின்று, இளைஞர்கள் பேராலும் மக்கள் பேராலும் கொடியின் பேராலும் ரத்தத்தை மன்னித்தேன் என்று அறிவித்து, கொன்ற வீட்டாரின் கையைப் பிடிப்பார். அதுவும் ஊரறிய. 1990 மே 1 அன்று டெச்சான் அருகே லூக்கா கிராமத்து வெளியில் லட்சக்கணக்கானோர் கூடி நிற்க, வரிசையாகப் பல குடும்பங்கள் அப்படி மன்னித்தன. பின்னால் அரசு பெருங்கூட்டங்களைத் தடை செய்ததும் சமரசங்கள் வீடுகளுக்குள் நடந்தன. இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 1,000 கொலைப்பகைகள் முடிவுக்கு வந்தன.

மனம் கனிந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. தனியாக மன்னித்தவன் கோழை; ஆயிரம் பேர் கைதட்ட மன்னித்தவன் பெருந்தன்மைக்காரன். கோப்பையை முழங்காலுக்கு அடியில் நீட்டிய அதே ஊர், இப்போது மன்னிப்பவனுக்கு மாலை போடாத குறையாக மரியாதை செய்தது. மானம் போகாமல் பின்வாங்க ஒரு வழி திறந்தது. செட்டாவின் கெட்டிக்காரத்தனம் அதில்தான். கானூனை அவர் பழிக்கவில்லை. மன்னிப்பதற்கும் கானூனில் இடமுண்டு என்பதை எடுத்துக்காட்டினார்.

இயக்கத்தின் எல்லையும் அங்கேயே இருக்கிறது. மக்களும் கொடியும் என்றால் அல்பேனிய மக்கள், அல்பேனியக் கொடி. பக்கத்துத் தெரு செர்பியர் அந்தக் கணக்கில் வரவில்லை. செர்பியர் தரப்பிலிருந்தும் அப்படியொரு கை நீளவில்லை. பொது எதிரி ஒருவன் இருந்ததால் உள்வீட்டுப் பகை ஆறியது என்பதே உண்மை. அதற்காக 1990-இன் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவதும் நியாயமில்லை. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் வெளியே வந்து வயலுக்குப் போனார்களே. எல்லைக்கு அப்பால் அல்பேனியாவின் வடக்கில், கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்த பிறகு பழிகொலைகள் மீண்டும் தலைதூக்கி, பையன்கள் பள்ளிக்கூடம் போக முடியாமல் வீட்டில் முடங்கினார்கள்.

செட்டா 1995-இல் காலமானார். 1998-இல் மூண்ட கொசோவோ போரில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். மித்ரோவிட்சா நகரில் இபார் ஆற்றுக்கு வடக்கே செர்பியர்களும் தெற்கே அல்பேனியர்களும் இன்றும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் வாழ்கிறார்கள்.