திருத்த ஆள் இல்லாதவர்களின் ஆங்கிலம்

ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் எழுதிவிடலாம். அதை யார் திருத்தித் தருவது? இலக்கணப் புத்தகம் விதியைச் சொல்லும், ஆனா நம்ம வாக்கியத்தைப் பார்க்காது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பாஸ்டன் நகரத்து அச்சுக்கூடப் பையன் ஒருவனுக்கும் இதே பிரச்சினைதான்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது மொத்தமே இரண்டு வருஷம் தேறாது. 10 வயதில் அப்பாவின் மெழுகுவர்த்தி, சோப்புத் தொழிலுக்கு வந்துவிட்டார். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸிடம் அச்சுத்தொழில் பழக விட்டார்கள். அந்த நாட்களில் காலின்ஸ் என்ற நண்பனோடு, பெண்களுக்குக் கல்வி வேண்டுமா என்று கடிதத்தில் ஒரு விவாதம் நடந்தது. (நம்மாள் வேண்டும் என்ற கட்சி.) கடிதங்கள் அப்பா கண்ணில் பட்டன. அவர் விவாதத்துக்குள்ளேயே போகவில்லை. எழுத்துப்பிழை இல்லை, நிறுத்தக்குறி சரி, ஆனால் நயத்திலும் தெளிவிலும் காலின்ஸ்தான் மேல் என்று இடம் இடமாகத் தொட்டுக் காட்டினார். மகனுக்குச் சுருக்கென்று தைத்தது.

அப்போது 'ஸ்பெக்டேட்டர்' இதழின் ஒரு தொகுதி மட்டும் கையில் கிடைக்கிறது. அடிசனும் ஸ்டீலும் 1711-12இல் லண்டனில் நடத்திய நாளிதழ் அது. ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு சொல்லில் குறித்துக்கொள்வார். சில நாள் அப்படியே கிடக்கும். பிறகு புத்தகத்தைத் திறக்காமல், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை முழுவதையும் சொந்த வாக்கியத்தில் எழுதுவார். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டு, எங்கே சறுக்கினோம் என்று பார்த்துத் திருத்திக்கொள்வார். புத்தகமே வாத்தியார்!

அதிலும் திருப்தி இல்லை, சொல் போதவில்லை. அதனால் கதைகளைச் செய்யுளாக மாற்றி, மூலம் மறந்த பிறகு மறுபடி உரைநடையாக்கினார். வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் புரியும். தளை தட்டாமல் இருக்க அதே பொருளில் வேற சொல் தேட வேண்டி வரும், அப்படித்தான் சொல் சேரும். சில சமயம் குறிப்புகளைச் சீட்டுக் கலைக்கிற மாதிரி கலைத்துவிட்டு, சில வாரம் கழித்துத் தானே வரிசைப்படுத்துவார். இது வாக்கியத்துக்கான பயிற்சி இல்லை, எதை முன்னால் சொல்வது எதைப் பின்னால் சொல்வது என்பதற்கான பயிற்சி. இவ்வளவும் வேலை முடிந்த ராத்திரியிலும், வேலை தொடங்கும் முன் காலையிலும், சர்ச்சுக்கு டிமிக்கி கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1722இல், 16 வயதில், கையெழுத்தை மாற்றி, ஒரு விதவைப் பெண்மணியின் பெயரில் கட்டுரை எழுதி, ராத்திரியில் அண்ணனின் அச்சகக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். அண்ணனும் நண்பர்களும் படித்துவிட்டு, ஊரில் பேர்பெற்ற படிப்பாளி யாரோ எழுதியது என்று பேசிக்கொண்டார்கள். அந்த வரிசையில் 14 கட்டுரைகள் அச்சேறின.

இந்த வித்தை பிராங்க்ளினுக்கு முன்பே இருந்தது. ராணி முதலாம் எலிசபெத்துக்குப் பாடம் சொன்ன ரோஜர் ஆஸ்கம், 1570இல் வெளிவந்த தன் புத்தகத்தில் 'இரட்டை மொழிபெயர்ப்பு' என்று இதைத்தான் சொல்கிறார். லத்தீனை ஆங்கிலத்தில் எழுது, மூலத்தை எடுத்து வைத்துவிடு, பிறகு உன் ஆங்கிலத்திலிருந்து லத்தீனுக்குத் திரும்பி வா. ராணி இப்படித்தான் காலையில் கிரேக்கமும் பிற்பகலில் லத்தீனும் படித்தாராம்.

ரோம சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியை எழுதிய எட்வர்ட் கிப்பனும் இதே கேஸ். 16 வயதில் கத்தோலிக்கராக மாறியதால், அப்பா கோபத்தில் 1753இல் சுவிட்சர்லாந்தின் லொசானுக்கு அனுப்பிவிட்டார். அங்கே சிசரோவின் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதி, சொற்கள் மறந்துபோகும்வரை போட்டு வைத்து, மறுபடி லத்தீனாக்கி, வாக்கியம் வாக்கியமாக ஒப்பிட்டார். அவருடைய முதல் புத்தகமே பிரெஞ்சில்தான் வந்தது. அந்தக் கை எழுதிய ஆங்கிலத்தைத்தான் இன்றைக்கும் உரைநடைக்கு உதாரணம் காட்டுகிறார்கள்.

என் கணிப்பில், இதை நாம் செய்தால் குறிப்பைத் தமிழில் எழுதுவதுதான் நல்லது. 'ஊரிலிருந்து வந்த பையன்' என்று நாம் பெயரெச்சத்தை முன்னால் வைப்போம், ஆங்கிலம் பையனை முதலில் நிறுத்திவிட்டு மற்றதைப் பின்னால் கோக்கும். நமக்குக் கடைசியில் வரும் வினை, அவர்களுக்கு எழுவாயை ஒட்டியே வந்துவிடும். 'ஏ', 'தி' எல்லாம் தமிழ்க் குறிப்பில் தானாகவே காணாமல் போய்விடும். திரும்பி எழுதும்போது ஒவ்வொன்றையும் எங்கே போடுவது என்று நாமே முடிவு செய்தாக வேண்டும். விடை மூலத்தில் இருக்கிறது. ஆங்கிலத்திலேயே குறிப்பெடுத்தால் பாதி வாக்கியம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

மறுநாளே எழுதக் கூடாது, அது ஞாபகசக்திப் பரீட்சை ஆகிவிடும். நாலைந்து நாளாவது போகட்டும். நூலுக்கு கிப்பன் வேண்டாம். அந்த நீளத்தில் ஆபீஸுக்கு மெயில் போட்டால் மேனேஜர் டீ குடித்துவிட்டு வந்துதான் வினைச்சொல்லைக் கண்டுபிடிப்பார். 1930களின் தொடக்கத்தில் நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்கள் தோதானவை. ஒரு சிறுமிக்குப் புரிய வேண்டும் என்று எழுதியது, அதனால் வாக்கியம் தெளிவாக இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு பத்தி எடுத்தால் போதும்.