மூலம்பிள்ளியும் நியூ லண்டனும்

2008 பிப்ரவரி 6 அன்று கொச்சிக் காயல் ஓரத்து மூலம்பிள்ளியில் போலீஸ் காவலோடு வீடுகள் இடிக்கப்பட்டன. வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்துக்குச் சாலையும் ரயில் பாதையும் போட நிலம் தேவைப்பட்டது. அத்திட்டத்துக்காக வீடிழந்த குடும்பங்கள் 316.

தனிமனித உரிமைக்கு அமெரிக்கச் சட்டத்தை முன்மாதிரியாகக் காட்டுவது நம் வழக்கறிஞர்களின் வழக்கம். 1791இல் சேர்க்கப்பட்ட ஐந்தாம் திருத்தம் பொதுப் பயனுக்காக மட்டுமே, நியாயமான இழப்பீடு தந்தே தனியார் சொத்தை எடுக்கலாம் என்கிறது. இவ்வளவு தெளிவான சொற்களும் சூசெட் கீலோ என்ற செவிலியரின் வீட்டைக் காக்கவில்லை. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரம் பொருளாதார வளர்ச்சிக்கென்று அந்த இடத்தைக் கேட்டது. அதுவும் பொதுப் பயனே என்று 2005இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த நிலமோ பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. மக்கள் கொதித்தெழுந்ததால் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டங்களைத் திருத்தின.

நம் அரசியலமைப்பில் சொத்துரிமை முதலில் அடிப்படை உரிமையாகவே இருந்தது. 1978இன் 44ஆம் திருத்தம் அதை நீக்கி, 300ஏ பிரிவில் வெறும் சட்ட உரிமையாக வைத்தது. ஜமீன்தார்களின் வழக்குகளால் நிலச் சீர்திருத்தம் தடைபட்டு வந்த காலத்தின் தொடர்ச்சி அது. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று தளர்ந்த காப்பு சில சென்ட் நிலத்தில் குடியிருந்த காயலோரவாசிக்கும் உரியதாக இருந்தது. அவருக்காக அன்று எந்த விதிவிலக்கும் எழுதப்படவில்லை.

மூலம்பிள்ளியில் என்னை உறுத்துவது இழப்பீட்டுத் தொகையைவிட, காரியங்கள் நடந்த வரிசைதான். வீடு இடிந்தது பிப்ரவரியில். மக்கள் போராடிய பிறகு மறுவாழ்வுத் திட்டம் வந்தது மார்ச் 19இல். மாற்று மனை, வாடகைப் பணம், குடும்பத்துக்கு ஒரு வேலை என்று அது வாக்களித்தது. கிடைத்த மனைகளில் பல சதுப்பு நிலத்தில் இருந்தன. அங்கே வீடு எழுப்புவதே பெரும்பாடு. 2011 பிப்ரவரியில் முனையம் திறக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளிய குடும்பங்கள் ஏராளம்.

2024இல் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 300ஏ பிரிவுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாகச் சொன்னது. முன்னறிவிப்பு, ஆட்சேபம் கேட்டல், காரணம் காட்டிய முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, காலதாமதமற்ற நடைமுறை, கையகப்படுத்தலை முறையாக முடித்துவைத்தல் என்பன அவை. வெறும் சட்ட உரிமை என்று ஒதுக்கப்பட்டதற்கு இத்தனை உள்ளீடு கிடைத்ததை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனாலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க ஆய்வைக் கட்டாயமாக்கியபோது, தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தையும் ரயில்வே சட்டத்தையும் விலக்கி வைத்தது. 2015இல் மத்திய அரசின் ஆணை இழப்பீட்டையும் மறுவாழ்வையும் அவற்றுக்கு நீட்டித்தது. தாக்க ஆய்வை நீட்டிக்கவில்லை. மூலம்பிள்ளியில் நிலம் போனது சாலைக்கும் ரயில் பாதைக்கும்தான். அதே தேவைக்காக இன்று ஒரு காயலோரக் கிராமம் அந்தச் சட்டங்களின்கீழ் எடுக்கப்பட்டால், அங்குள்ளவர்கள் எங்கே போவார்கள், எதைக்கொண்டு பிழைப்பார்கள் என்று முன்கூட்டி ஆராயும் கடமை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் வராது.