மடியில் சேர்ந்த மல்லாக்கொட்டை

மலருக்கு ஊரின் பழைய வழக்கம் ஒண்ணு பத்தி எழுதச் சொன்னாங்க. பத்தாவது படிச்ச எனக்குத் தெரிஞ்ச வரலாறு எங்க அம்மாவின் மடியிலிருந்துதான் தொடங்குது.

குடியாத்தம் பக்கம் மானாவாரி நிலத்தில் வேர்க்கடலை நிறைய போடுவோம். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் அது. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா ஊர் பேரைச் சேர்த்து மணிலாக்கொட்டைன்னு சொன்னது, நம்ம வாயில் மல்லாக்கொட்டை ஆச்சு. ஆடியில் விதைச்சு கார்த்திகை வாக்கில் பிடுங்குவோம். மழை இல்லாம மண் இறுகிட்டா செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணிலேயே நின்னுடும். நிலத்துக்காரங்க ஏர் ஓட்டிப் பொறுக்கினது போக மிச்சத்தை இல்லாதவங்களுக்கு விட்டுடுவாங்க. இது எந்தப் பத்திரத்திலும் எழுதாத வழக்கம்.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது அம்மாவும் நானும் களைக்கொத்தோடு போனோம். சாயங்காலம் வரைக்கும் கிளறி ரெண்டு படி சேர்த்தோம். நிலத்துக்காரர் வந்து, "யாரைக் கேட்டு இறங்கினீங்க? மடியை அவுத்துக் கொட்டுங்க"ன்னார். அம்மா ஒண்ணும் பேசாம கொட்டினாங்க. மறுநாள் வேற நிலத்துக்குப் போனாங்க. அப்படிச் சேர்த்த கடலையை உடைச்சு வித்துதான் எனக்கு நோட்டுப் புத்தகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, வெட்கம்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்தின கதிரை ஏழைக்கும் அந்நியருக்கும் விடுன்னு பைபிளின் பழைய ஏற்பாட்டில் இருக்கு. ரூத் என்ற விதவை கதிர் பொறுக்கித்தான் மாமியாரைக் காப்பாத்தினா. இங்கிலாந்தில் பல ஊரில் பொறுக்கும் நேரத்துக்கு மணி அடிப்பாங்களாம். மணிக்கு முன்னாடி ஒருத்தரும் இறங்கக் கூடாது, எல்லாருக்கும் சமமாக் கிடைக்கணும். ஆனா 1788-ல் மேரி ஹவுட்டன் என்ற பெண் மேல் நிலத்துக்காரர் போட்ட வழக்கில், கதிர் பொறுக்கிறது ஏழைங்க உரிமை இல்லைன்னு லண்டன் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுக்கப்புறமும் பெண்கள் நிறுத்தலை. நூறு வருஷத்துக்கும் மேல பொறுக்கிக்கிட்டேதான் இருந்தாங்க.

போன வருஷம் நாங்க அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கடலை போட்டோம். பிடுங்கி முடிச்ச அன்னைக்கு ஒரு ஆயா வந்து, "பொறுக்கிக்கட்டுமா கண்ணு?"ன்னாங்க. வேணாம்னு சொல்ல என் வாய் வந்துடுச்சு. உடனே அம்மா மடி ஞாபகம் வந்தது. "இறங்கு ஆயா"ன்னு சொல்லி நானும் கூடவே குனிஞ்சேன்.

சகோதரிகளே, நம்மில் பலர் இப்போ நிலம் வெச்சிருக்கோம். பிடுங்கின மறுநாள் யார் யார் இறங்கலாம்னு குழுக் கூட்டத்திலேயே பேசி வெச்சா யாரும் மடியை அவுத்துக் கொட்ட வேண்டாம். விலை விழுந்த வருஷம் செடியிலேயே விடுற தக்காளி, கத்திரிக்காயையும் பறிச்சு வயசானவங்க வீட்டுக்குக் கொடுக்கலாம். மருந்து அடிச்சிருந்தா அதுக்குரிய நாள் கழிஞ்ச பிறகுதான் பறிக்கணும். பூஞ்சை பிடிச்ச கடலையைத் தின்னவே கூடாது, அது விஷம்.

சிந்தினதைப் பொறுக்கினது திருட்டு இல்லை. அம்மாகிட்ட இதை நான் சொன்னதில்லை. இந்த மலரைப் படிச்சுக் காட்டிச் சொல்லணும்.