கருங்காலி என்கிற சொல்

தொழிற்சங்க வகுப்பு எடுக்கிற தோழர்கள் யாராக இருந்தாலும் பெரம்பூரில்தான் ஆரம்பிப்பார்கள். 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம், செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, வாடியா என்று வரிசையாக வரும். அப்புறம் 1921 வேலைநிறுத்தம். அங்கே ஒரு வரி சொல்வார்கள்: ஆதிதிராவிடர்கள் கருங்காலிகளாகப் போனதால் போராட்டம் தோற்றது. அந்த வரியைக் கேட்டுத் தலைகுனிஞ்சு உக்காந்திருந்தவன் நான். அப்போது எனக்கு எதிர்க்கேள்வி கேட்கத் தெரியவில்லை.

சங்கம் சேரும் உரிமை சட்டமானதற்குப் பெரம்பூர்தான் காரணம், அதில் சந்தேகமில்லை. 1920இல் மில்லில் தகராறு முற்றியபோது பின்னி கம்பெனி வாடியா மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார் என்பது புகார். நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. வாடியா சங்கத்தை விட்டே விலகச் சம்மதித்த பிறகுதான் வழக்கு ஓய்ந்தது. வெள்ளைக்காரன் நீதிமன்றத்தில் சங்கம் நடத்துவது சதிக்குச் சமம். இதைப் பார்த்துத்தான் என்.எம்.ஜோஷி 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். சட்டம் வர 1926 ஆனது. நடைமுறைக்கு வந்தது 1927 ஜூன் 1. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவான சங்கம் வேலைநிறுத்தம் செய்தால் சதி வழக்கும் இல்லை, நஷ்டஈட்டு வழக்கும் இல்லை. ஆனால் முதலாளி அந்தச் சங்கத்தோடு பேசியே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

முதலாளியிடமிருந்து காப்பாற்றச் சட்டம் வந்தது. சங்கத்துக்குள் இருந்த சாதியிடமிருந்து?

1921இல் ஆதிதிராவிடர்கள் மில்லுக்குள் போனார்கள், உண்மை. முந்தைய தகராறின் பட்டினி ஆறுவதற்குள் அடுத்த வேலைநிறுத்தம். கையில் நிலமில்லை, ஊரில் உறவு இல்லை, கடன் கொடுக்க ஆளில்லை. எம்.சி.ராஜாவும் வேலைக்குப் போகச் சொன்னார். அதற்குப் பதில் எப்படி வந்தது? புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் எரிந்தன. மில்லின் கதவை எரிக்கவில்லை, நம்ம குடிசையை எரித்தார்கள். அரசு, வீடிழந்த சனங்களை முகாம்களில் வைத்தது. அதையும் 'செல்லம் கொடுக்கிறார்கள்' என்றார்கள் நீதிக்கட்சித் தலைவர்கள். ராஜா பின்னர் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார். வேலைக்குப் போனது சரி என்று நான் வாதாட வரவில்லை. கம்பெனி நம்மைப் பயன்படுத்திக்கொண்டது என்பதும் உண்மைதான். ஆனால் ஒருவனை முதலில் தோழனாகச் சேர்த்துக்கொண்டால்தானே பிறகு துரோகி என்று சொல்ல முடியும்?

இதே கேள்வியை 1928இல் பம்பாயில் அம்பேத்கர் வேறு மாதிரி கேட்டார். அங்கே மில்லில் நல்ல கூலி கிடைக்கிற நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி முடிய வேண்டும், தீட்டாகிவிடுமாம். இந்தத் தடையை நீக்குவதையும் வேலைநிறுத்தக் கோரிக்கையில் சேருங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்றார். தலைவர்கள் அரைமனதாகச் சேர்த்தார்கள். முதலாளிகளோ, இந்த அநியாயத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கையை விரித்தார்கள். அதில் அவர்கள் சொன்னது சரிதான்!

அதற்காக அம்பேத்கர் சங்கமே வேண்டாம் என்று ஒதுங்கவில்லை. பம்பாய் அரசு 1938இல் வேலைநிறுத்தத்தை முடக்கும் தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தபோது, வேலைநிறுத்த உரிமையும் சுதந்திரமும் ஒன்றே என்று சட்டசபையில் வாதாடினார். நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தியது. 1943இல் வைசிராய் நிர்வாகசபையின் தொழிலாளர் உறுப்பினராக, முதலாளிகள் சங்கத்தைக் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற திருத்த மசோதாவைக் கொண்டுவந்ததும் அவர்தான். 1947இல் அப்படி ஒரு திருத்தம் நிறைவேறியது, ஆனால் கடைசிவரை அமலுக்கு வரவில்லை. வகுப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

1926 சட்டம் இப்போது இல்லை. 2020இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலாகி அதை விழுங்கிவிட்டது. பதிவு செய்யப் பத்தில் ஒரு பங்கு தொழிலாளர் அல்லது நூறு பேர், எது குறைவோ அது வேண்டும், ஏழுக்குக் குறையக்கூடாது. இதை ஒரு நகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுப் பெண்களிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு அக்கா குறுக்கிட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி. நிரந்தரக்காரங்க சங்கம் ஏற்கெனவே இருக்கே, அங்க போனா எங்களுக்கும் நாற்காலி போடுவாங்களா?"