மூன்று வாரச் சோர்வு

அரிசியை விட்டுக் கீட்டோ உணவுக்கு மாறிய நண்பர்கள், முதல் வாரத்திலேயே "மாடிப்படி ஏறமுடியவில்லை" என்கிறார்கள். 140 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

அமெரிக்க ராணுவ லெப்டினன்ட் ஃபிரெடரிக் ஷ்வாட்கா மருத்துவமும் படித்தவர். 1845இல் புறப்பட்டு வடதுருவப் பகுதியில் காணாமல்போன பிராங்க்ளின் குழுவின் தடயங்களைத் தேடி, 1879 ஏப்ரலில் இனுயிட் மக்களுடன் ஹட்சன் விரிகுடாவிலிருந்து கிளம்பினார். கையில் சுமார் ஒரு மாத உணவுதான். பிறகு முக்கியமாக, வேட்டையாடிய துருவ மானின் இறைச்சியும் கொழுப்பும்.

தொடக்கத்தில் இந்த உணவு போதாததுபோல் தோன்றும், உடல் தளரும், கடும் பயணம் முடியாது. ஆனால் இரண்டு மூன்று வாரங்களில் அது நீங்கிவிடும் என்று நாட்குறிப்பில் எழுதினார். 1880 மார்ச்சில் திரும்பியபோது 3,200 மைலுக்கு மேல் கடந்திருந்தார்கள்.

உடலில் சேமித்த சர்க்கரை குறைந்தபின், கொழுப்பையே எரித்து உழைக்கப் பழக நாளாகும். உப்பும் நீரும் சிறுநீரில் கூடுதலாக வெளியேறும். அதனால்தான் அந்தச் சோர்வு.

ஷ்வாட்காவுக்கு அப்போது வயது 29. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் நாம், "மூன்று வாரத்தில் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவரைக் கேட்டு, மாத்திரை அளவைச் சரிபார்த்த பிறகே அரிசியை விட வேண்டும்.